காற்றுக்காரரின் கை சும்மா இருந்த நாள்

பஸ்ஸில் காற்றுக்காரருக்கு எப்போதும் இரண்டு சீட். ஒன்றில் அவர் உட்காருவார். பக்கத்துச் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். கால் கடுக்க நின்றுகொண்டு வருவார்களே தவிர அங்கே உட்கார மாட்டார்கள். இத்தனைக்கும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டுதான் அவர் பஸ் ஏறுவார். நாற்றம் எதுவும் கிடையாது. ஆனால் அவர் ஏறுகிற நிறுத்தம் எது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எதிரே இருக்கும் நிறுத்தம் அது. மூக்குக்கு முன்னால் மனசு மோந்துவிடுகிறது. மனசு மோந்த நாற்றத்துக்கு எந்தக் கடையிலும் சோப்பு விற்பதில்லை.

"பெரிய மனுஷங்களுக்குத்தான் இந்த மரியாதை கிடைக்கும்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். கூடச் சிரிக்க அப்போது மனைவி இருந்தாள். அவள் போன பிறகு அந்த வேடிக்கையை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஊர் இருக்கிறதே, அது தண்ணீர் வருகிற குழாய்க்காகச் சண்டை போடும், போகிற குழாயைப் பற்றி வாயே திறக்காது. போவதெல்லாம் எங்கே போகிறது? காற்றுக்காரரிடம்தான் போகிறது. ஊர் குளித்தது, கழுவியது, கொட்டியது எல்லாம் ஆற்றோரத்தில் உள்ள சிமென்ட் தொட்டிகளுக்கு வந்து சேரும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நிலையத்தில் எல்லோரும் அவற்றைப் பூச்சிகள் என்றுதான் சொல்வார்கள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதான். சம்பளம் கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை, மூச்சுவிடக் காற்று மட்டும் கேட்கின்றன. அந்தக் காற்றைத் தொட்டியின் அடிவரைக்கும் குழாயில் ஊதி அனுப்ப மூன்று ப்ளோயர்கள் இருந்தன. அந்த மூன்றையும் பார்த்துக்கொள்பவர் என்பதால் இவர் காற்றுக்காரர்.

மூத்தவள், நடுவுள்ளவள், கடைக்குட்டி என்பவை அவர் வைத்த பெயர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரே லாரியில் வந்து இறங்கியவர்கள் மூவரும். மூத்தவள் ஓடி ஓய்ந்து, தன் உறுப்புகளையெல்லாம் தங்கைகளுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் கூடாக மூலையில் நிற்கிறாள். கடைக்குட்டி சவலை. கொஞ்சம் ஓடினாலே சூடேறி நின்றுவிடுவாள். ஊர் முழுவதற்கும் சேர்த்து மூச்சு விடுவது நடுவுள்ளவள் ஒருத்திதான். அவளும் விழுந்துவிட்டால் பூச்சிகள் திணறிச் சாகும், தொட்டி கறுக்கும், ஊர் அசிங்கமெல்லாம் அப்படியே ஆற்றில் இறங்கும். கீழே உள்ள ஊர்களுக்கு அதுதான் குடிதண்ணீர்.

பேரிங் மாற்ற வேண்டும், தண்டு மாற்ற வேண்டும், தொட்டியின் அடியில் காற்றைக் குமிழியாகப் பிரிக்கும் ரப்பர் தட்டுகளையும் மாற்ற வேண்டும். நகராட்சி பணம் ஒதுக்கினால்தான் இவை நடக்கும். அவர்களோ "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதை ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒன்றைக் கட்டினால் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. பேரிங் மாற்றியதற்காக எந்த ஊரிலாவது கல்வெட்டு வைத்திருக்கிறார்களா, சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் அந்த இயந்திரக் கூடத்தில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். சீட்டாட்டம் உண்டு, சண்டை உண்டு, சண்டை போட்டவர்களே பகிர்ந்துகொள்ளும் டீயும் உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்குப் பதிலாக ஆள் போடவில்லை. சுவரில் ஒரு கேமரா மாட்டினார்கள். காற்றுக்காரர் காலையில் வந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு முறை கையை ஆட்டுவார். அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்பது அவருக்குத் தெரியாது.

இப்போது பேச்சுத்துணை என்று இருந்தது நிலையத்தின் பொறியாளர் அம்மா ஒருவர்தான். புதிதாக மாற்றலாகி வந்தவர். வந்த நாளிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வெளியே மர நிழலுக்கு வருவார், இவருக்கும் ஒரு கப் ஊற்றுவார். பையனின் பரீட்சை, மாமியாரின் முட்டிவலி, வீட்டுக்காரரின் சமையல் என்று எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். காற்றுக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவார். அந்த அம்மா சிரித்தால் இவரும் சிரிப்பார். அந்த ஒரு கப் டீக்காகத்தான் அவர் காலையில் சுறுசுறுப்பாக எழுந்தார் என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

அந்த அம்மாதான், இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாத ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

வருஷாவருஷம் பணம் கேட்டு எழுதியதும் நகராட்சியிலிருந்து குழு வரும், இயந்திரத்தைப் பார்க்கும். குழு வருகிறது என்று தெரிந்ததுமே காற்றுக்காரரின் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். கிரீஸ் அடைப்பார், பெல்ட்டை இறுக்குவார், பித்தளையைத் தேய்ப்பார், தரையைக் கழுவுவார், கீறல் விழுந்த இடத்தில் பெயிண்ட் தடவுவார். குழு உள்ளே வரும்போது நடுவுள்ளவள் மணப்பெண் மாதிரி இருப்பாள். கடைசியாக ஒரு வித்தையும் உண்டு. கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஓடுகிற இயந்திரத்தின் தலையில் வைப்பார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. உறுப்பினர்கள் கைதட்டுவார்கள். கைதட்டிவிட்டு, இவ்வளவு நன்றாக ஓடுகிறதற்குப் பணம் எதற்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். ஆனால் அவருக்கு அது ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

இந்த வருஷம் பொறியாளர் அம்மா டீயை ஊற்றிவிட்டு, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டு சொன்னார்.

"அண்ணே, அழுத பிள்ளைக்குத்தான் பால். நம்ம பிள்ளை அழறதே வெளியில தெரியமாட்டேங்குது. நீங்கதான் வாயைப் பொத்திடுறீங்க. இந்தத் தடவை குழு வர்றப்ப நீங்க எதையும் தொடக்கூடாது. அவங்க இருக்கிறதை இருக்கிறபடி பார்க்கட்டும்."

"சரிங்க மேடம்."

"சும்மா சரி சொல்லக்கூடாது. இப்பவே அது கத்துறது என் ரூம் வரைக்கும் கேக்குது. வர்ற வெயிலைத் தாங்காது. நான் குழுகிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன். என் மானம் உங்க கையில."

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன் மேடம், போதுமா?"

அந்த அம்மா சிரித்தார். இவரும் சிரித்தார். ரூம் வரைக்கும் கேட்கிறது என்றதை மட்டும் அவர் நம்பவில்லை. பணம் வாங்குவதற்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

குழு வருகிற அன்று காலையில் சீக்கிரமே வந்துவிட்டார். தொடத்தான் கூடாது, பார்க்கலாமே என்று பார்த்தார். தரையில் எண்ணெய்க் கறை கிடந்தது. அதைத் துடைத்தால் என்ன, அது இயந்திரம் இல்லையே என்று துடைத்தார். துடைத்த கை நடுவுள்ளவளின் மேல் பட்டது. பேரிங் சுட்டது. உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு நின்றாள். அவருக்கு மனசு தாங்கவில்லை. கறை வேட்டியோடு விருந்தாளி முன்னால் போய் நிற்கிற கூச்சம் வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்தவளை, ஊரார் பார்த்து முகம் சுளிக்கும்படி விடுவதா? கொஞ்சமாகக் கிரீஸ் வைத்தார். வைத்ததும் பெல்ட் உறுத்தியது. பெல்ட்டை இறுக்கியதும் மற்றதெல்லாம் தானாக நடந்தது.

குழு வந்தபோது நடுவுள்ளவள் பூப்போல ஓடினாள். ஒரு பழைய உறுப்பினர் அவரே டம்ளரைக் கேட்டு வாங்கித் தண்ணீர் நிரப்பி மேலே வைத்தார். தண்ணீர் அசையவில்லை.

"என்னம்மா, சாகப்போகுதுன்னு சொன்னீங்க. நம்மளவிட நல்லா இருக்கே!" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். குழுவின் தலைவி மட்டும் சிரிக்காமல் பொறியாளர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொன்னவளைப் பார்க்கிற பார்வை அது. பழைய உறுப்பினர் போகும்போது காற்றுக்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "இவர் இருக்கிறவரைக்கும் நமக்கு என்ன கவலை?"

அந்த வருஷத்துப் பணத்தைப் பூங்காவில் நீரூற்று வைப்பதற்கு ஒதுக்கிவிட்டார்கள். காற்று ஊத இல்லாத பணம் தண்ணீர் பீய்ச்ச இருந்தது.

பொறியாளர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் மர நிழலுக்கு அவர் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சொல்ல வேண்டியதைக் காவலாளியிடம் சொல்லி அனுப்பினார். காற்றுக்காரர் டீ நேரத்துக்கு வழக்கம்போல வெளியே வந்து, மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவார். அந்த அம்மாவைப் பொய்க்காரியாக்கிவிட்டோம் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. போய் மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்பாரே என்று போகாமல் இருந்துவிட்டார்.

வீட்டில் அதைவிட அமைதி. மனைவி இருந்த அறையின் கதவை அவர் சாத்தியே வைத்திருந்தார். படுக்கை, சாப்பாடு, உட்காருவது எல்லாம் முன்னறையில்தான். ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுவார். மூலையில் துவைக்காத துணி குவிந்திருந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தைப் பார்த்தால் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவர் வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். அவள் பேச்சு அவருக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் கேட்கும். போன் சரியில்லை என்று நினைத்து இரண்டு முறை மாற்றியும் பார்த்துவிட்டார். ஆனால் அவள் கேட்பது எப்போதும் ஒன்றுதான் என்பதால் வரிசையாகப் பதில் வைத்திருந்தார். "சாப்பிட்டேன்மா." "மாத்திரை போட்டேன்மா." "எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன்." ஒருமுறை பேரன் சைக்கிளிலிருந்து விழுந்து கை உடைந்துவிட்டது என்று அவள் அழ, இவர் "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவைத்தார். கட்டுப் போட்ட கையோடு பேரனின் போட்டோ வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது, போனைத்தான் திட்டினார். அதற்குப் பிறகு போன் வாராவாரம் வருவதில்லை.

வருகிறேன் என்று அவள் சொல்லி அனுப்பும்போதெல்லாம் காற்றுக்காரரின் கைக்கு அதே துறுதுறுப்பு வந்துவிடும். துணியைத் துவைத்து மடிப்பார், சாத்திய அறையைத் திறந்து கூட்டுவார், தரையைத் தேய்ப்பார், முகச்சவரம் செய்துகொள்வார். மகள் வந்து பார்த்துவிட்டு, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று நிம்மதியாகப் பஸ் ஏறிவிடுவாள். பஸ் மறைந்ததும் அறைக்கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

குழு வந்து போன சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய போன் வந்தது. என்னவோ சொன்னாள். இவர் வரிசைப்படி பதில் சொன்னார். அவள் குரலை உயர்த்தினாள் போலிருக்கிறது, இந்தத் தடவை கேட்டது.

"லீவுக்கு அங்க வரலாம்னு பார்த்தேன். அவருக்கு லீவு கிடைக்கலை. அதான் அடுத்த வருஷம் பார்க்கலாம்னு... நீங்கதான் நல்லா இருக்கீங்களேப்பா."

"ஆமாம்மா. எனக்கென்ன" என்றார்.

போனை வைத்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பதை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. யாரைக் குறை சொல்வது? எல்லாம் நன்றாக இருப்பதாகக் குழுவுக்கும் மகளுக்கும் அவரே அல்லவா காட்டினார்? பார்த்ததை அவர்கள் நம்பினார்கள். இத்தனை நாள் இது புரியாமல் போயிற்றே என்று அவருக்கு அழுகை வந்தது. பார்க்க ஆள் இல்லாததால் அடக்காமல் அழுதார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் குழுத் தலைவியின் துணிக்கடைக்குப் போனார். கடையில் கூட்டம் இல்லை. அவர் துணி அடுக்குகளிலிருந்து தள்ளி, வாசல் பக்கமாகவே நின்றார். அது பழக்கம்.

"உள்ள வாங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க? சட்டைத் துணியா?" கடை நடத்துகிறவரின் குரல். தெருமுனைவரை கேட்கும்.

"துணி இல்லீங்கம்மா. நான் உங்களை ஏமாத்திட்டேன், அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

காலையில் கிரீஸ் வைத்தது, பெல்ட் இறுக்கியது, டம்ளர் வித்தை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். தலைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அதாவது, கிழிசலை உள்பக்கமா மடிச்சு வெச்சு எனக்குக் காட்டியிருக்கீங்க."

"ஆமாங்க."

"ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும். அந்தப் பொறியாளர் பொண்ணு உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அதைப் பொய்க்காரின்னு நினைச்சுட்டேன்."

"மேடம் மேல தப்பே இல்லீங்கம்மா. என் கைதான் சும்மா இருக்கலை. இன்னொரு தடவை வந்து பாருங்க. சொல்லாம கொள்ளாம வாங்க. என்னிக்குன்னு எனக்கே தெரிய வேண்டாம்."

"நீரூற்று வேலைக்கு இன்னும் கையெழுத்துப் போடலை" என்றார் தலைவி, பாதி தனக்குத்தானே. பிறகு சத்தமாக, "கையை எங்க வெச்சுக்குவீங்க?" என்று கேட்டார்.

"பாக்கெட்டுல வெச்சுக்கிறேன்."

அன்றிலிருந்து காற்றுக்காரர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஓடுவதற்குத் தேவையான எண்ணெயை மட்டும் ஊற்றினார், வேறு எதையும் தொடவில்லை. நடுவுள்ளவளின் மேல் கை வைத்தால் சூடு தெரிந்தது, நடுக்கம் தெரிந்தது. உடம்பு சரியில்லாதவளைப் பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் விடுவது போலிருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அவளிடம் சொன்னார். இடையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று மணிக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்தார்.

ஒரு பிற்பகலில் வாசலில் கார் வந்து நின்றது. தலைவி, பழைய உறுப்பினர், இன்னும் இரண்டு பேர். பின்னாலேயே பொறியாளர் அம்மா முகம் வெளுத்து ஓடி வந்தார். அவருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. எல்லோரும் கூடத்துக்குள் நுழைந்தார்கள். காற்றுக்காரர் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

நடுவுள்ளவள் கத்தவில்லை. வழக்கமான ஹூம் என்ற உறுமல்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாவி, இன்றைக்குப் போய் இப்படி வாயை மூடிக்கொண்டாளே! கிரீஸ் வைக்காமலே நல்லபிள்ளையாகிவிட்டாளா? கடைக்குப் போய்ச் சொன்னதெல்லாம் இப்போது பொய்யாகப் போகிறது, அந்த அம்மா இன்னொருமுறை தலைகுனியப் போகிறார். "கத்துடி" என்று முணுமுணுத்தார். கூடம் அமைதியாகவே இருந்தது.

அப்போதுதான் அவர்களுடைய முகங்களைப் பார்த்தார்.

தலைவி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார். பழைய உறுப்பினர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். மற்ற இருவர் வெளியே போயே விட்டார்கள். இயந்திரத்தின் தலையில் யாரோ வைத்த டம்ளர் தண்ணீரைச் சிந்திக்கொண்டே விளிம்புக்கு நடந்து போய், கீழே விழுந்து சிதறியது. சிதறிய சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை.

கூடம் அமைதியாக இல்லை. அவர்தான் அமைதியாக இருந்தார்.

காதுக் கவசம் கொடுத்திருந்தார்கள். அது புத்தம்புதிதாக ஆணியில் தொங்குகிறது. மாட்டிக்கொண்டால் நடுவுள்ளவள், கடைக்குட்டி குரல் கேட்காதே என்று ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. இப்போது நடுவுள்ளவள் உயிர் போகிறாற்போல் அலறிக்கொண்டிருக்கிறாள், அவருக்கு மட்டும் கேட்கவில்லை. எத்தனை நாளாக? ரூம் வரைக்கும் கேட்கிறது என்று அந்த அம்மா சொன்னாரே. மர நிழலில் அவர் சொன்ன கதைகளில் பாதியை முகத்தைப் பார்த்துத்தானே சிரித்தோம்? மகளின் போனில் எந்தக் கோளாறும் இல்லை.

தலைவி வெளியே வந்து, தலையை உதறிவிட்டு, பழைய உறுப்பினரிடம் என்னவோ சொன்னார். பிறகு பின்னாலேயே வந்த காற்றுக்காரரின் பக்கமாகத் திரும்பி, அவர் காதருகே கத்தினார். "நீரூற்று இல்லாட்டி யாரும் சாக மாட்டாங்க. ரெண்டு மெஷினுக்கும் பணம் இந்த மாசமே வரும். ரப்பர் தட்டு அடுத்த தவணையில. நான் மறக்கமாட்டேன், நீங்களும் மறக்காம வந்து கடையில கேளுங்க."

கார் போயிற்று. பொறியாளர் அம்மா அவருக்குப் பின்னாலிருந்து இரண்டு மூன்று முறை கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. அந்த அம்மா சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்கலையா?"

அவர் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஜம்முன்னு" என்று வாய் தொடங்கியது. பிறகு நின்றது. இல்லை என்று தலையசைத்தார். அந்த அம்மா போய்ப் பிளாஸ்க்கை எடுத்து வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். டீயை ஊற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் குடித்து முடிக்கும்வரை அந்த அம்மாவின் கண் கலங்கியே இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல இரண்டு சீட். வீட்டுக்கு வந்ததும் மூலையில் கிடந்த துணியைப் பார்த்தார், கழுவாத பாத்திரத்தைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து மகளுக்குப் போன் போட்டார்.

எறும்பு ஊர்ந்தது. சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினார்.

"அம்மாடி, நீ சொல்றது எதுவும் எனக்குக் கேக்கலை. ரொம்ப நாளாவே கேக்கலை. பேரன் கை உடைஞ்சது அன்னிக்கு எனக்குத் தெரியாதும்மா."

மறுமுனையில் பேச்சு நின்றதா, அவள் பேசுவதுதான் தனக்குக் கேட்கவில்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே தொடர்ந்தார்.

"நான் நல்லா இல்லைம்மா. வந்து பாரு. என்னிக்கு வர்றேன்னு சொல்லாதே. நான் வீட்டைக் கூட்டி வைக்க மாட்டேன்."